பெட்டியை அளந்து விலை சொல்லுங்கள்

(கொலு பொம்மைகளையும் மண் கலைப்பொருட்களையும் இணையம் வழியே வெளிநாட்டுக்கு விற்போர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடையக்கூடிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே கணிப்பது எப்படி? இதுதான் இன்று நான் பேச வந்த பொருள். கேட்பதற்கு வெறும் கணக்குப் பாடமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கு தவறினால் யார் வயிற்றில் அடி விழுகிறது தெரியுமா? விமானக் கம்பெனிக்கு நட்டமில்லை. கூரியர் கம்பெனிக்கு நட்டமில்லை. வாங்கியவருக்கும் பெரும்பாலும் நட்டமில்லை, பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார். கடைசியில் அந்த நட்டம் இறங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அச்சில் மண் அடைத்து, சூளையில் சுட்டு, கண் திறந்து வைத்தாரே, அந்தக் கலைஞரின் கூலி. அதனால்தான் இதைப் பேச வந்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. மதுரைப் பக்கம் விளாச்சேரி இருக்கிறது. பண்ருட்டி இருக்கிறது. கடம் செய்யும் மானாமதுரை இருக்கிறது. தலையாட்டி பொம்மைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது. இந்த ஊர்களின் பொருட்களை விரும்பி வாங்கும் குடும்பங்கள் இன்று சிங்கப்பூரில் இருக்கின்றன, சிட்னியில் இருக்கின்றன, லண்டனில், டொரான்டோவில், நியூ ஜெர்சியில் இருக்கின்றன. அங்கே கொலு வைக்கிறார்கள், படி கட்டுகிறார்கள், ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்று தேடுகிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது, விற்கப் பொருள் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு கடலும் ஒரு கணக்கும். கடலைக் கடக்கக் கப்பலும் விமானமும் உண்டு. கணக்கை நாம்தான் கடக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் முதல் பாடத்தை ஒரே வரியில் சொல்கிறேன். பொம்மையை எடை போட்டு விலை சொல்லாதீர்கள். பெட்டியை அளந்து விலை சொல்லுங்கள்.

ஏன் அப்படி? விமானத்தில் எடை மட்டும் சுமையல்ல, இடமும் சுமைதான். பஞ்சு மூட்டை ஒன்று விமானத்தின் வயிற்றை அடைத்துக்கொண்டால் வேறு சரக்கு ஏற்ற முடியாது. ஆகவே கட்டணம் விதிப்பவர்கள் இரண்டு எடைகளைப் பார்க்கிறார்கள். ஒன்று, தராசு காட்டும் எடை. மற்றொன்று, பெட்டியின் நீள அகல உயரத்திலிருந்து வரும் கனஅளவு எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற பன்னாட்டுக் கூரியர்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். விமானச் சரக்காக அனுப்பினால் 6000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்தான் கனஅளவுக் கிலோ. பிறகு அதை அடுத்த அரைக் கிலோவுக்கோ முழுக் கிலோவுக்கோ மேல்நோக்கி முழுமையாக்குவார்கள்.

வாருங்கள், ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் உயரம், 18 அகலம், 15 கனம் உள்ள ஒரு மண் பொம்மை. எடை ஒன்றரைக் கிலோ. உடையக் கூடாது என்று சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பஞ்சணை கொடுத்து ஒரு பெட்டியில் வைக்கிறோம். அந்தப் பெட்டி 40, 28, 25 ஆகிறது. அதை மறுபடியும் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெளிப்பெட்டிக்குள் வைக்கிறோம். வெளிப்பெட்டி 50, 38, 35. பெருக்கினால் 66,500. 5000-ஆல் வகுத்தால் 13.3. முழுமையாக்கினால் 13.5 கிலோ. தராசில் வைத்தால் பெட்டியோடு சேர்த்து மூன்று கிலோதான் காட்டும். பில் பதின்மூன்றரைக் கிலோவுக்கு வரும்!

இதை ரூபாயில் பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காகக் கிலோவுக்கு 700 ரூபாய் கட்டணம், அதன் மேல் எரிபொருள் மேல்கட்டணம் 25 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மைக் கட்டணம் நாட்டுக்கு நாடு, வாரத்துக்கு வாரம் மாறும். கணக்கின் போக்கு மாறாது. தராசு எடையான மூன்று கிலோவை நம்பியவர் 3,098 ரூபாய் ஆகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பார். வருகிற பில் 13,939 ரூபாய். பொம்மையின் விலையோ 2,500. இந்த ஒரே விற்பனையில் போன பணத்தைச் சம்பாதிக்க, அந்தக் கலைஞர் இன்னும் எத்தனை பொம்மைக்கு வண்ணம் தீட்ட வேண்டும்? எண்ணிப் பாருங்கள்.

அப்படியென்றால் பஞ்சணையைக் குறைத்துவிடலாமா? கூடாது. பஞ்சணையைக் கண்மூடித்தனமாகக் குறைத்தால் பொம்மை உடையும். கண்மூடித்தனமாகக் கூட்டினால் நாம் உடைவோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதுதான் பெட்டி கட்டும் கலை.

அதே பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பெட்டியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி எதற்கு? பொம்மை அசையாமல் இறுக்கமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். பபிள் ரேப்பைச் சுற்றி, கழுத்துக்கும் கைக்கும் இடையில் உள்ள பள்ளங்களில் மென்தாளை அடைத்து, சுற்றிலும் இரண்டே சென்டிமீட்டர் விடுங்கள். உள்பெட்டி 34, 22, 19. அடியைத் தாங்க வேண்டியது வெளிப்பெட்டியின் பஞ்சணை. அங்கே மட்டும் ஐந்து சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிப்பெட்டி 44, 32, 29. பெருக்கினால் 40,832. வகுத்தால் 8.17, முழுமையாக்கினால் 8.5 கிலோ. அதே கட்டணத்தில் 8,776 ரூபாய். பொம்மை அதேதான், வெளிப் பாதுகாப்பும் அதேதான். மிச்சம் ஐயாயிரத்துக்கும் மேல்!

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்தப் பொம்மை முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வேல். வேல் தலைக்கு மேல் பத்து சென்டிமீட்டர் நீண்டு நிற்கிறது. வெளிப்பெட்டி 44-க்குப் பதில் 54 ஆகிவிடும். பெருக்கினால் 50,112. ஐம்பதாயிரத்தில் நின்றிருந்தால் சரியாகப் பத்துக் கிலோ. அதைத் தாண்டிய 112 கன சென்டிமீட்டருக்காக 10.5 கிலோவுக்குப் பில் வரும். எட்டரை எங்கே, பத்தரை எங்கே? வேலைத் தனியாகச் செய்து, கையில் செருகிக்கொள்ளும்படி துளை விட்டால் அதைப் பொம்மைக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துவிடலாம். இரண்டு கிலோ குறையும். முதலில் உடையக்கூடிய உறுப்பும் காப்பாற்றப்படும். கண்ணனின் புல்லாங்குழலும் அப்படித்தான். குடையும் அப்படித்தான். கிரீடத்தின் கொண்டையும் அப்படித்தான். கலைஞர் பெருமக்களே, உங்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன்: ஏற்றுமதிக்கான பொம்மைக்கு அச்சு வெட்டும்போதே பெட்டியையும் மனத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

காகிதக்கூழ் பொம்மை செய்யும் நண்பர்கள், எங்கள் பொம்மை எடையே இல்லையே, எங்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உங்களுக்கும் உண்டு. பெட்டி பெரிதாக இருந்தால் எடை குறைந்ததால் பலன் ஒன்றுமில்லை. காகிதக்கூழின் உண்மையான வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. அது எளிதில் உடையாது. ஆகவே மெல்லிய பஞ்சணை போதும், பெட்டி சிறுக்கும், அந்த வழியாகத்தான் கட்டணம் குறையும்.

மானாமதுரைக் கடத்தைப் பாருங்கள். 40 சென்டிமீட்டர் குறுக்களவு, 40 உயரம், எட்டுக் கிலோ எடை என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எட்டுக் கிலோ கனமான பொருள்தானே, இதற்காவது தராசுக் கணக்கு செல்லுமா? செல்லாது. பக்கத்துக்கு ஐந்து விட்டால் பெட்டி 50, 50, 50. கனஅளவு 1,25,000. கனஅளவு எடை 25 கிலோ! வட்டமான பொருளைச் சதுரப் பெட்டியில் வைக்கும்போது நான்கு மூலைகளுக்கும் காசு கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் காசு கொடுக்கிறோம். கொடுத்த காசுக்கு இடத்தைப் பயன்படுத்துங்கள். கடத்தின் உறையையும் பஞ்சு விரிப்பையும் மூலைகளில் வையுங்கள். அந்த இடத்தை வீணாகப் பறக்க விடாதீர்கள்.

இப்போது செட்டுக்கு வருவோம். கொலு விற்பனையின் உயிரே செட்டில்தான் இருக்கிறது. தசாவதார செட், அஷ்டலட்சுமி செட், கல்யாண செட், செட்டியார் கடை. ஒரு தசாவதார செட். ஒவ்வொரு பொம்மையும் 20 உயரம், 10 அகலம், 8 கனம், 600 கிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றிலும் ஐந்து விட்டுப் பெட்டி கட்டினால் 30, 20, 18. கனஅளவு எடை 2.16, பில்லில் 2.5 கிலோ. பத்துப் பெட்டிக்கு 25 கிலோ. அதையே அட்டைத் தடுப்பு வைத்த ஒரே பெட்டியில், வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை நிறுத்தினால்? உள்பெட்டி 50, 24, 22. வெளிப்பெட்டி 60, 34, 32. பெருக்கினால் 65,280. பில் 13.5 கிலோ. முதலில் ஒற்றைப் பொம்மைக்கு ஊதாரியாகக் கட்டினோமே பதின்மூன்றரைக் கிலோப் பெட்டி, அதே இடத்தில் இப்போது பத்து அவதாரங்களும் பயணம் செய்கின்றன! பொம்மை ஒன்றுக்கு விழும் கட்டணம் 1,394 ரூபாய்தான். கணக்கு இங்கே நமக்கு வியாபாரமே கற்றுக்கொடுக்கிறது. எதை விற்க வேண்டும், எதை விற்கக் கூடாது என்பதைப் பெட்டி சொல்கிறது. மூன்றடி உயர அத்திவரதரை உள்ளூர் வாடிக்கையாளருக்கு விற்போம். வெளிநாட்டுப் பட்டியலில் செட்டுகளையும் சிறு பொம்மைகளையும் முன்னால் வைப்போம்.

அளந்தாகிவிட்டது. அந்தப் பெட்டி போய்ச் சேருமா? அதை இங்கேயே சோதித்துப் பார்க்க முடியும். பொதிகளைச் சோதிப்பதற்கென்றே இஸ்டா என்ற பன்னாட்டுச் சங்கம் முறைகளை வகுத்திருக்கிறது. அதன் அடிப்படைச் சோதனை ஒன்றில், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். 76 சென்டிமீட்டர் என்பது ஒரு மேசையின் உயரம். உங்கள் பட்டறையில் மேசை இருக்கிறது. வண்ணம் பிசகிய பொம்மை ஒன்று எப்போதும் இருக்கும். அதை முறைப்படி பெட்டியில் கட்டி, பத்து முறை தள்ளிவிட்டுத் திறந்து பாருங்கள். விரல் போயிருந்தால் விரலுக்குப் பக்கத்தில் அடைப்பு போதவில்லை. மூக்கு போயிருந்தால் முகத்துக்கு முன்னால் போதவில்லை. "கவனம், உடையும் பொருள்" என்று ஒட்டும் சீட்டை ஒட்டுங்கள். ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். பன்னாட்டுக் கிடங்குகளில் பெட்டிகள் கன்வேயரில் ஓடுகின்றன. கன்வேயருக்குச் சீட்டு படிக்கத் தெரியாது.

எதை வைத்து அடைக்கிறோம் என்பதிலும் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பொம்மைக்குத் தாத்தா காலத்துப் பஞ்சணை வைக்கோல். அருமையான பஞ்சணைதான். ஆனால் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பூச்சிக்கும் பயிர் நோய்க்கும் அஞ்சி வைக்கோல் அடைப்பைத் தடுத்திருக்கின்றன. வைக்கோலோடு போன பெட்டி அங்கே நிறுத்தப்படும். செலவு நம் தலையில் விழும். மரச்சட்டப் பெட்டி கட்டினால் ஐஎஸ்பிஎம் 15 என்ற விதி குறுக்கே நிற்கும். அந்த மரம் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டு, முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. ஆகவே ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியும் தேவையான இடத்தில் ஒட்டுப்பலகையும் போதும். மண்ணைப் பற்றியும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கண்டிப்பானவை. வெறுமனே "மண் பொம்மை" என்று எழுதாமல் "சூளையில் சுட்ட களிமண் அலங்காரச் சிலை" என்று தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது, எந்த வழியில் அனுப்புவது? கூரியர் விரைவு, விலை அதிகம். தபால் பெரும்பாலும் மலிவு, கொஞ்சம் பொறுமை வேண்டும். அஞ்சல் துறை 2022 முதல் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களைத் திறந்து, நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் நடத்திவருகிறது. சிறு விற்பனையாளர் சுங்கப் படிவங்களை இணையத்திலேயே நிரப்பிவிட்டுப் பொதியை அங்கே கொடுக்கலாம். எடை வரம்பும் அளவு வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். பெட்டி கட்டும் முன்பே அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும், வியாபாரமாக அனுப்புகிறவர் கையில் ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு இருக்க வேண்டும்.

கப்பலை மறக்காதீர்கள். கப்பலில் ஒரு கன மீட்டர், ஒரு டன், இரண்டில் கூடுதலானதற்குக் கட்டணம். பொம்மையைப் போல இடத்தை அடைக்கிற, எடை குறைந்த சரக்குக்கு இதைவிட இணக்கமான வழி இல்லை. நாம் பார்த்த தசாவதாரப் பெட்டிகள் பதினைந்து சேர்ந்தால் ஒரு கன மீட்டர். அதாவது 150 பொம்மைகள்! ஆனால் துறைமுகக் கட்டணம், ஆவணக் கட்டணம், சுங்க முகவர் கூலி என்று அங்கே இறங்கும் இடத்தில் செலவு காத்திருக்கும். அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தனி வீட்டுக்கு இது ஒத்துவராது. அந்த ஊரில் கடை வைத்திருப்பவருக்கு, சேர்ந்து வாங்குகிற தமிழ்ச் சங்கத்துக்கு, பத்து வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடிப் போடும் ஆர்டருக்கு இது ஒத்துவரும். நேரம் மட்டும் வேண்டும். மகாளய அமாவாசைக்கு முன் பெட்டி வாசலில் நிற்க வேண்டுமென்றால், சித்திரையிலேயே ஆர்டர் எடுக்கத் தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது 2025-ஐ நாம் மறக்கலாகாது. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரையிலான பொதிகள் 2016 முதல் தீர்வையின்றிப் போய்க்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்தியது. சேவை மீண்டது அக்டோபர் 15 அன்று. அந்த ஆண்டு நவராத்திரி எப்போது? செப்டம்பர் 22-இல் தொடங்கி, அக்டோபர் 2-இல் விஜயதசமி. கொலு வந்து, கொலு போய், படி கலைத்த பிறகு தபால் திறந்தது! ஒரே வழியை, ஒரே மாதத்தை, ஒரே நாட்டை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டு வழிக்கு விலை கேட்டு வையுங்கள். ஆர்டரை முன்கூட்டியே எடுங்கள். சொன்ன கட்டணம் எந்தத் தேதி வரை செல்லும் என்பதை விலைச்சீட்டிலேயே எழுதுங்கள்.

இனி வரி. கட்டணக் கணக்கில் பலர் விட்டுவிடும் வரி இதுதான். பெட்டி போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வாசலில் நிற்கும் ஊழியர், இவ்வளவு வரி கட்டினால்தான் தருவேன் என்பார். வாங்கியவர் அதிர்ந்துபோய் வேண்டாம் என்று திருப்பிவிடுவார். திரும்பிவரும் கட்டணமும் நம் தலையில்தான். ஆகவே நாட்டுக்கு நாடு தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான பொதிக்கு, 2021 ஜனவரி 1 முதல் விற்கும்போதே 20 சதவீத வாட் வசூலிக்கும் முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் கீழ் இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1 அன்று போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருட்களுக்கு 2018 ஜூலை 1 முதல் 10 சதவீத ஜிஎஸ்டி. சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான பொருட்களுக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு. இன்று அது 9 சதவீதம். பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால் இவற்றை அந்தச் சந்தையே வசூலித்துக் கட்டிவிடும். சொந்தத் தளத்தில் விற்பவர் தாமே விதியைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல நாடுகளில் தீர்வையும் வரியும் பொருளின் விலைக்கு மட்டும் விழுவதில்லை. விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றையும் கூட்டிய தொகையின் மேல் விழும். அமெரிக்கா சுங்கத் தீர்வையைப் பன்னாட்டுச் சரக்குக் கட்டணம் நீக்கிய மதிப்பில் கணக்கிடும். அப்படியென்றால் என்ன? பெட்டி பெருத்தால் கட்டணம் பெருக்கும். கட்டணம் பெருத்தால் சில நாடுகளில் வரியும் சேர்ந்து பெருக்கும். பெட்டியை அளப்பது வரியையும் அளப்பதுதான். பில்லில் விலையைக் குறைத்துக் காட்டுவதும், விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவதும் சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, குறைத்து எழுதிய விலைக்கு மேல் ஒரு பைசாகூட இழப்பீடு கேட்க முடியாது.

இழப்பீடு என்றதும் கடைசிக் கணக்குக்கு வருகிறேன். உடைந்துபோனால்? விமானச் சரக்கு விஷயத்தில் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது; இந்தியாவும் அதில் உறுப்பினர். சிறப்பு மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தாலொழிய, விமான நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் என்ற உச்சவரம்புக்குள் அடங்கும். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அமெரிக்க டாலரைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்பு உடையது. 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. கவனியுங்கள்: கட்டணம் வாங்கும்போது கனஅளவு, இழப்பீடு தரும்போது எடை! கண்ணாடிச் சட்டமிட்ட 40,000 ரூபாய்த் தஞ்சாவூர் ஓவியம், பெட்டியோடு மூன்று கிலோ. வரம்பு 78 எஸ்டிஆர், நம் பணத்தில் சுமார் பத்தாயிரம். மீதி முப்பதாயிரம் யார் தருவார்கள்? பொம்மை விலைக்கு இந்த வரம்பு போதுமே என்றால், அதிலும் ஒரு கதவு மூடியிருக்கிறது. அனுப்பியவர் கட்டிய பொதி சரியில்லாததால் சேதம் என்று நிறுவிவிட்டால் பொறுப்பே இல்லை. காப்பீடு எடுப்பவர்களும் ஒப்பந்தத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: மண், கண்ணாடி, பீங்கான் உடைவு இதில் அடங்குமா, விலக்கா? தொலைந்தால் மட்டும் பணம், உடைந்தால் இல்லை என்று இருந்தால் அந்தக் காப்பீடு நமக்குப் பாதிக் காப்பீடுதான்.

ஆகவே நமக்கு நாமே ஒரு காப்பீடு செய்துகொள்ள வேண்டும். நூறு பொம்மை அனுப்பினால் ஐந்து உடையும் என்று எடுத்துக்கொள்வோம். அவற்றை வாங்கிய ஐவருக்கும் பொம்மையும் மறுபடி போக வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். பொம்மை 2,500, கட்டணம் 8,776, ஆக 11,276. ஐந்துக்கு 56,380. அதை நூறு விற்பனைக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 564 ரூபாய். இந்த 564 விலையில் ஏறியிருந்தால் உடைவு வந்த அன்று நம் முகம் வாடாது. வாடிக்கையாளரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை. "அம்மா, கவலைப்படாதீர்கள், வேறு பொம்மை அனுப்புகிறோம்" என்று தெம்போடு சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் அடுத்த ஆண்டும் உங்களிடம் வருவார். உங்கள் உடைவு நூற்றுக்கு எத்தனை? ஒரு நோட்டுப் போட்டு எழுதிவந்தால் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

நண்பர்களே, இதுவரை சொன்னதை ஒரே தாளில் எழுதிவிடலாம். பொம்மையின் விலை, அதில் கலைஞரின் முழுக்கூலியோடு, முதல் வரியில். பெட்டியும் பஞ்சணையும் கட்டும் கூலியும் இரண்டாவது வரியில். கனஅளவு எடைக்கான கட்டணம் மூன்றாவது. எரிபொருள், தொலைவிட மேல்கட்டணங்களும் ஜிஎஸ்டியும் நான்காவது. தொலைவிடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் வாங்குகிறவரின் அஞ்சல் குறியீட்டைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். சேரும் நாட்டின் வரி ஐந்தாவது. உடைவு ஒதுக்கீடு ஆறாவது. பணம் வந்துசேரும் வழியில் வங்கியும் தளமும் பிடிக்கும் தொகை ஏழாவது. நம் முப்பது சென்டிமீட்டர் பொம்மைக்கு 2,500, பெட்டிக்கு 350, கட்டணமும் மேல்கட்டணமும் வரியும் சேர்த்து 8,776, உடைவுக்கு 564. வெளிநாட்டு வரிக்கும் வங்கிப் பிடித்தத்துக்கும் முன்பே 12,190 ரூபாய் ஆகிறது. பெரிய தொகைதான். ஆனால் உண்மையான தொகை. இந்த விலைக்கு ஒற்றைப் பொம்மை போகாது என்று தெரிந்தால், செட்டாக அனுப்புவோம், கப்பலில் அனுப்புவோம், சிறிதாகச் செய்வோம். உண்மையான எண் தெரிந்தவனுக்குத்தான் மாற்று வழி தெரியும்.

குறைத்துச் சொன்ன கட்டணம் தாராளம் ஆகாது. அது கலைஞரின் கூலியை அவரைக் கேட்காமலே வாடிக்கையாளருக்குத் தானம் செய்வது. கூட்டிச் சொன்ன கட்டணமும் சாமர்த்தியம் ஆகாது. அது வாங்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. சரியாகச் சொன்ன கட்டணமே இரு பக்கத்துக்கும் நாம் காட்டும் மரியாதை. சூளையடியில் வெந்து நின்றவருக்கும் மரியாதை. தூர தேசத்தில் படி கட்டி வைத்துக் காத்திருப்பவருக்கும் மரியாதை.

எனவே நாளைக் காலையிலேயே ஒரு வேலையைச் செய்யுங்கள். உங்கள் பட்டியலில் அதிகம் விற்கும் ஐந்து பொம்மைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையாகவே பெட்டி கட்டுங்கள். மேசையிலிருந்து தள்ளிச் சோதியுங்கள். தாங்கிய பெட்டியின் மூன்று அளவுகளையும் நாடாவால் எடுத்து, பெருக்கி, 5000-ஆல் வகுத்து, பொம்மையின் பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். ஐந்து நாடுகளுக்கு இரண்டிரண்டு வழிகளில் விலை கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். அந்தத் தாள் சுவரில் ஏறட்டும். அது ஏறிய பிறகு வரும் முதல் வெளிநாட்டு ஆர்டருக்கு நீங்கள் சொல்லும் விலையில் அந்தப் பொம்மைக்கு உயிர் கொடுத்தவரின் கூலி ஒரு ரூபாய்கூடக் குறையாது. அப்படி ஒரு விலையைச் சொல்ல நம் ஊர் விற்பனையாளர்கள் அத்தனை பேராலும் முடியும், முடிய வேண்டும்.